மான்செஸ்டருக்கு நூல் பிடித்துப் போகும் வழி

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து இங்கிலாந்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்று கிளம்புகிறவர்கள் அல்லர். மகள் அங்கே மருத்துவமனையில் செவிலியராக இருப்பாள், அல்லது மகன் முதுநிலைப் படிப்புக்குப் போயிருப்பான். அவர்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் பெற்றோர் விமானம் ஏறுகிறார்கள். பிள்ளைகள் காலையில் வேலைக்கோ வகுப்புக்கோ போய்விட, வந்தவர்கள் சன்னல் வழியே மழையைப் பார்த்தபடி பொழுதைக் கழித்து, ஒரு விடுமுறை நாளில் கால்பந்து மைதானத்து வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அக்கா மகன் மான்செஸ்டரில் படித்துக்கொண்டிருந்தபோது நானும் அக்காவும் அத்தானும் அங்கே பத்து நாட்கள் தங்கினோம். அத்தான் பரமக்குடியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கைத்தறி நெய்தவர். நான் வேலையின் பொருட்டுப் பாம்பனில் குடியேறியவன். தறிக்காரருக்கும் பாலத்துக்காரனுக்கும் அந்த ஊரில் இவ்வளவு இருக்கும் என்று கிளம்பும்போது எங்களுக்குத் தெரியாது.

மான்செஸ்டரைப் பார்க்க ஒரு வரிசை உண்டு என்பதே நான் சொல்ல வந்தது. பயணக் கையேடுகள் இடங்களை அவற்றின் புகழ் வரிசையில் சொல்லும். அப்படிப் போனால் நூலகமும் அருங்காட்சியகமும் பழைய கட்டடங்களும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். பஞ்சு அந்த ஊருக்குள் வந்து துணியாகி வெளியேறிய வழியே நடந்தால் எல்லாம் தானாக இணைந்துவிடும்: முதலில் நிலக்கரி கொண்டுவந்த கால்வாய், அடுத்து ஆலை, பிறகு மண்டி, ரயில், கடைசியாகக் கப்பல். நான்கு நாட்கள் ஒதுக்கினால் நிதானமாகப் பார்த்து முடிக்கலாம்.

முதலில் விசாவைப் பற்றி. பிள்ளைகளைப் பார்க்கவும் ஊர் சுற்றவும் போகிறவர்களுக்கு ஸ்டாண்டர்டு விசிட்டர் விசா போதும்; வழக்கமாக ஆறு மாதம் வரை தங்க அது இடம் தரும். பயண நாளுக்கு மூன்று மாதங்கள் முன்பிருந்து இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கைரேகை கொடுக்கச் சென்னைக்குப் போக வேண்டியிருக்கும் என்பதால், சேது எக்ஸ்பிரஸில் இடம் பார்த்துக்கொண்டு மையத்தில் நேரம் வாங்குவது நல்லது. முடிவு வர வழக்கமாக மூன்று வாரம் ஆகும். நம் பக்கத்துக்காரர்கள் சறுக்கும் இடங்கள் இரண்டு. பட்டா, குடும்ப அட்டை, படகுப் பதிவு போன்ற தமிழ் ஆவணங்களைச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்புடன்தான் தர வேண்டும். நகல் மட்டும் வைத்தால் அந்த ஆவணம் இல்லாததற்குச் சமம். இன்னொன்று வங்கிக் கணக்கு. மீன், கருவாடு, ஜவுளி வியாபாரத்தில் கைக்குக் கை பணம் புழங்குகிறவர்கள், விண்ணப்பிக்கும் முந்தின வாரம் பெருந்தொகையைக் கொண்டுபோய்க் கணக்கில் போட்டால் அது உதவியாக இராது, சந்தேகத்துக்கே வழி வகுக்கும். ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே வருமானத்தை வங்கி வழியாக ஓட விடுவதும், தொகை எங்கிருந்து வந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதி இணைப்பதும்தான் சரியான வழி. அழைக்கும் பிள்ளையின் கடிதம், அவர் அங்கே சட்டப்படி தங்கியிருப்பதற்கான சான்று, நீங்கள் திரும்பி வருவதற்கு ஊரில் என்ன பிடிப்பு இருக்கிறது என்பதற்கான தாள்கள் ஆகியவையும் வேண்டும். பயணக் காப்பீட்டை விட்டுவிட வேண்டாம், வருகையாளர்களுக்கு அங்கே மருத்துவமனைச் சிகிச்சை பெரும்பாலும் இலவசம் அன்று.

பெட்டி கட்டும்போது பால்கோவாவும் நெய்ப் பலகாரமும் வேண்டாம். இந்தியாவிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியையும் பால் பொருட்களையும் உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை. சாயல்குடிப் பக்கத்துப் பனங்கருப்பட்டி போதும். பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள். கடற்கரைக்காரர்கள் நினைவுப் பரிசாக எடுத்துப்போக நினைக்கும் பவளத் துண்டுகளைக் கையாலும் தொட வேண்டாம். நம் நாட்டு வனவிலங்குச் சட்டத்தில் அவை பாதுகாக்கப்பட்டவை, ஆகவே தொல்லை நம் விமான நிலையத்திலேயே தொடங்கிவிடும். சிப்பி, சங்கு வகைகளிலும் சில அப்படிப்பட்டவை என்பதால், எது எதுவெனத் தெளிவாகத் தெரியாவிட்டால் எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதே நல்லது.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகையில் இருக்கிறோம். மான்செஸ்டர் 53 பாகையைத் தாண்டி இருக்கிறது. ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரைக்கு மேல்தான் சூரியன் மறையும். டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். மே முதல் செப்டம்பர் வரை போவதே உத்தமம். மழைக்குப் பேர்போன ஊர் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். கணக்கைப் பார்த்தால் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான், நம் மாவட்டத்தில் பெய்வதும் ஏறத்தாழ அதே அளவுதான். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ப்பதை அங்கே வானம் ஆண்டு முழுவதும் தூறலாகச் சிந்துகிறது, அவ்வளவே வேறுபாடு. காற்றோடு வரும் தூறலுக்குக் குடை நிற்காது. தலைமூடி உள்ள மழைச்சட்டையும் நீர் புகாத காலணியும் வேண்டும். செருப்போடு போன அத்தான் இரண்டாம் நாளே காலணி வாங்க நேர்ந்தது. இந்த ஈரக்காற்றை நொந்துகொள்ளவும் முடியாது, நூற்கும்போது இழை அறாமல் காத்ததில் அதற்கும் பங்கு உண்டு.

நம் பக்கத்திலிருந்து போக வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறுவதே வழக்கமான வழி. துபாய், தோஹா, அபுதாபி மூன்றிலிருந்தும் மான்செஸ்டருக்கு நேரடி விமானம் உண்டு. இலண்டனில் இறங்கி ரயிலில் போகும் திட்டம் வயதானவர்களுக்கு வேண்டாத அலைச்சல். விமான நிலையத்திலிருந்து பிக்காடில்லி நிலையத்துக்கு ரயிலில் இருபது நிமிடம் போல ஆகும். டிராமில் போனால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். டிராமில் நடத்துநரிடம் சீட்டு வாங்கும் வழக்கம் இல்லை. நடைமேடையில் உள்ள கருவியில் வங்கி அட்டையை ஏறுமுன் ஒரு முறையும் இறங்கியபின் ஒரு முறையும் காட்ட வேண்டும். இறங்கியபின் காட்ட மறந்தால் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். ஒருவர் அட்டையில் ஒருவர்தான் போகலாம் என்பதால் குடும்பத்தில் ஆளுக்கொரு அட்டை வேண்டும். நம் ஊர் கியூஆர் பலகையை நம்பிப் பழகியவர்கள் அந்நியச் செலாவணி அட்டை ஒன்றை இங்கிருந்தே வாங்கிப் போவது நலம். கால்பந்துப் போட்டியோ பெரிய இசைக் கச்சேரியோ நடக்கும் நாட்களில் விடுதிக் கட்டணம் தாறுமாறாக ஏறும். முன்பதிவுக்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளவும்.

முதல் நாள் காசில்ஃபீல்டில் தொடங்க வேண்டும். டிராமில் டீன்ஸ்கேட் காசில்ஃபீல்டு நிறுத்தத்தில் இறங்கினால் கால்வாய்த் துறை காலடியில் இருக்கிறது. கி.பி. 79 வாக்கில் உரோமானியர் மாமூக்கியம் என்ற கோட்டையைக் கட்டியது இங்கேதான். இன்று நிற்கும் கோட்டை வாசல் பிற்காலத்தில் மாதிரியாகக் கட்டியது என்பதால் அங்கே ஐந்து நிமிடம் போதும். பார்க்க வேண்டியது தண்ணீரை. பிரிட்ஜ்வாட்டர் கோமகன் வொர்ஸ்லியில் இருந்த தம் சுரங்கத்து நிலக்கரியை நகரத்துக்குக் கொண்டுவர வெட்டுவித்த கால்வாய் 1761இல் திறக்கப்பட்டது. ஜேம்ஸ் பிரிண்ட்லி அதன் பொறியாளர். படகில் வந்த நிலக்கரியால் நகரத்தில் கரியின் விலை பாதியாகக் குறைந்தது என்பார்கள். கரி மலிந்ததால் நீராவி எஞ்சின் கட்டுப்படியாகி, நூற்பாலை ஆற்றங்கரையை விட்டு ஊருக்குள் வர முடிந்தது. நீர்மட்டத்தோடு ஒட்டிய கற்கரையில் படகுகள் கட்டிக் கிடப்பதையும், தலைக்கு மேலே வெவ்வேறு காலத்து ரயில் பாலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிடுவதையும் ஓர் அரைமணி நேரமாவது நின்று பார்க்கலாம். அப்பாலங்களில் 1892இல் கட்டி 1969இல் ரயில் நின்றுபோன இரும்புப் பாலம் ஒன்றின் மேல் இப்போது செடி கொடி வளர்த்துத் தோட்டமாக்கியிருக்கிறார்கள். ஏறிப் பார்க்கக் கட்டணம் இல்லை. ரயில் நின்ற பழைய பாலத்தை என்ன செய்வது என்ற கேள்வி பாம்பன்காரர்களுக்குப் புதிதன்று என்பதால் நான் அங்கே சற்றுக் கூடுதல் நேரம் நின்றேன்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் அறிவியல் தொழில் அருங்காட்சியகம் இருக்கிறது. இதன் வளாகத்துக்குள்தான் 1830 செப்டம்பர் 15இல் திறக்கப்பட்ட லிவர்பூல் மான்செஸ்டர் ரயில் பாதையின் முனை நிலையம் நிற்கிறது. உலகில் எஞ்சியிருக்கும் பயணியர் ரயில் நிலையங்களில் இதுவே மிகப் பழையது. முதல் வகுப்பாருக்கும் இரண்டாம் வகுப்பாருக்கும் வாசலே தனித்தனி. திறப்பு விழாவன்றே லிவர்பூல் நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிசன் தண்டவாளத்தில் இறங்கி நின்றபோது ராக்கெட் என்ற பெயருள்ள ரயில் எஞ்சினில் அடிபட்டு இறந்தார். துறைமுகத்தில் இறங்கிய பஞ்சு ஆலைக்கும், ஆலைத் துணி துறைமுகத்துக்கும் விரைந்து போகத்தான் அந்தப் பாதை வேண்டியிருந்தது. போட் மெயிலில் ஏறித் தனுஷ்கோடியில் கப்பல் மாறிய தாத்தாக்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு, ரயிலும் கப்பலும் கைகோத்த கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. பழைய கட்டடங்களில் பழுதுபார்ப்பு நடப்பதால் சில பகுதிகள் மூடியிருப்பதுண்டு. முந்தின நாளே இணையத்தில் பார்த்துக்கொள்ளவும். நுழைவுக் கட்டணம் இல்லை.

ஜவுளிக் கூடத்தைத்தான் விடக்கூடாது. இங்கே நம் கதையும் தொடங்குகிறது. கோரமண்டலக் கரையின் அச்சுத் துணியும் சாயத் துணியும் இங்கிலாந்தில் விற்றுத் தீர்ந்ததைப் பொறுக்காத அந்நாட்டுக் கம்பளி, பட்டு நெசவாளர்களின் நெருக்குதலால் 1700இலும் 1721இலும் சட்டம் போட்டு அத்துணிகளைத் தடுத்தார்கள். பிறகு பருத்தி நெசவை அவர்களே கையிலெடுத்தார்கள். மான்செஸ்டரைச் சுற்றிய லங்காஷயர் வட்டாரத்தின் பரி என்ற ஊரைச் சேர்ந்த ஜான் கே, தறியில் ஊடை நூலைக் குறுக்கே ஓட்டும் விசை நாடாவுக்கு 1733இல் உரிமம் பெற்றார். சாமுவேல் கிராம்ப்டன் 1779இல் செய்த நூற்பு இயந்திரத்தில்தான் நம் மஸ்லினுக்கு ஈடான மெல்லிய இழை அவர்களுக்குக் கிட்டியது. காட்சிக் கூண்டில் கிடந்த நூல் கண்டுகளைப் பார்த்த அத்தான், பலகையைப் படிக்காமலே நம்பரை மதிப்பிடத் தொடங்கினார். கூட்டுறவுச் சங்கத்தில் 60ஆம் நம்பர், 80ஆம் நம்பர், 100ஆம் நம்பர் என்று சிட்டா நூல் வாங்குகிறோமே, அந்த நம்பர் லங்காஷயர்க் கணக்குதான். 840 கெஜம் நீளமுள்ள நூல் சுருளான சிட்டம் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ அதுவே நூலின் நம்பர். வாழ்நாளெல்லாம் தாம் வாயால் சொல்லிவந்த கணக்கு பிறந்த ஊர் இது என்று அறிந்தபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இரண்டாம் நாள் ஆன்கோட்ஸ். பிக்காடில்லி நிலையத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ரோச்டேல் கால்வாயும் அதை ஒட்டிய ரெட்ஹில் தெருவும் வரும். 1798இல் தொடங்கிய மர்ரே ஆலையின் பழைய கட்டடம் இங்கே இருக்கிறது. கால்வாயிலிருந்து தெருவுக்கு அடியிலேயே சுரங்கம் குடைந்து படகை ஆலை முற்றத்துக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள். செங்கல் சுவர் தெருவின் ஒரு பக்கம் முழுவதையும் அடைத்து நிற்கிறது. சன்னல்கள் நெருக்கமாக இருப்பது அழகுக்காக இல்லை, விளக்கு வெளிச்சத்தை நம்பாமல் இழை தெரிய வேண்டும் என்பதற்காக. இன்று உள்ளே இருப்பவை அடுக்ககங்கள். வெளியே நின்று பார்ப்பதோடு சரி. ஆனால் எதிர்க்கரையில் நின்று பார்த்தால்தான் ஆலைகளின் உயரம் பிடிபடும்.

அதன்பின் நகர நடுவே செயின்ட் ஆன் சதுக்கத்தை ஒட்டிய ராயல் எக்ஸ்சேஞ்சுக்கு வர வேண்டும். இதுதான் மண்டி. லங்காஷயர் ஆலைக்காரர்களும் தரகர்களும் கூடி நூலுக்கும் துணிக்கும் விலை பேசிய பெருங்கூடம். 1968இல் வியாபாரம் நின்றது. 1976இலிருந்து கூடத்தின் நடுவே இரும்புக் கூண்டு போன்ற நாடக அரங்கம் நிற்கிறது. நாடகத்துக்குச் சீட்டு வாங்காவிட்டாலும் பகலில் கூடம் திறந்திருந்தால் உள்ளே போகலாம். போனவர்கள் கண்ணை மேலே உயர்த்திச் சுவரைப் பார்க்க வேண்டும். கடைசி நாள் வியாபாரத்தின் விலைகளைக் காட்டிய பலகையை மாற்றாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். இராமநாதபுரம் மிளகாய் மண்டியில் சாக்கட்டியில் எழுதிய விலை மறுநாள் காலையில் அழிந்துவிடும்; இங்கே அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு நாள் விலை அப்படியே நிற்கிறது. கீழே காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் அதை நிமிர்ந்து பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

அன்றைய மீதிப் பொழுதில் நூலின் மறுபக்கத்தைப் பார்த்துவிடலாம். 1819 ஆகஸ்ட் 16இல் வாக்குரிமை கேட்டுச் செயின்ட் பீட்டர் திடலில் கூடிய சுமார் 60,000 பேர்மீது குதிரைப்படை பாய்ந்தது. கூடியவர்களில் கைத்தறி நெசவாளர்கள் திரளாக இருந்தார்கள். இறந்தவர்களின் பெயர்களும் அவர்கள் வந்த ஊர்களும் பொறித்த வட்டமான படிக்கட்டு மேடையை 2019இல் அங்கே அமைத்திருக்கிறார்கள். சற்றுத் தள்ளி ஆபிரகாம் லிங்கன் சிலை இருக்கிறது. மான்செஸ்டரில் லிங்கனுக்கு என்ன வேலை என்று தோன்றும். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் பஞ்சு வருவது நின்று, லங்காஷயரில் ஆலைகள் மூடிப் பஞ்சம் வந்தது. அடிமைகள் பறித்த பஞ்சு அது. பசியோடு இருந்தும் மான்செஸ்டர்த் தொழிலாளர்கள் கூட்டம் போட்டு அடிமை ஒழிப்பை ஆதரித்தார்கள். லிங்கன் 1863 ஜனவரி 19இல் அவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதினார். அக்கடிதத்தின் வரிகள் பீடத்தில் இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் இந்தியப் பஞ்சுக்கு ஏற்பட்ட கிராக்கியில் இங்கே விலை எகிறியது. ஆனால் இழை குட்டையான நம் பஞ்சை நூற்கும்போது அடிக்கடி அறுந்ததால், இந்தியப் பஞ்சு எல்லாவற்றுக்கும் சூரத் என்று பெயரிட்டு அதையே வசைச்சொல்லாக்கினார்கள் அங்குள்ளவர்கள்.

மான்செஸ்டர் பேராலயத்தின் முன்னே 2019இல் நிறுவிய ஒன்பதடி உயரக் காந்தி சிலை உண்டு. நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு இதில் தனிப் பொருள் இருக்கிறது. 1921 செப்டம்பர் 22இல் மதுரையில்தான் அவர் மேலாடையைத் துறந்து நான்கு முழ வேட்டிக்கு மாறினார். அதே கோலத்தில், பத்தாண்டு கழித்து 1931 செப்டம்பரில், அந்நியத் துணி மறுப்பால் வேலை இழந்த லங்காஷயர்த் தொழிலாளர்களைப் பார்க்கத் தார்வென் என்ற ஊருக்கு வந்தார். ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரம் செய்யும் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். தார்வெனுக்கு மான்செஸ்டர் விக்டோரியா நிலையத்திலிருந்து ரயில் இருக்கிறது. ஒரு நாள் மிச்சமிருந்தால் போய் வரலாம்.

பேராலயத்துக்குப் பக்கத்திலேயே 1653இல் தொடங்கிய செட்டம் நூலகம். 1845 கோடையில் மார்க்சும் எங்கெல்சும் உட்கார்ந்து படித்த சன்னலோர மேசை உள்ளே இருக்கிறது. வழிகாட்டியோடுதான் போக முடியும், கட்டணம் உண்டு. எங்கெல்சு இந்த ஊரில் தம் குடும்பத்துக்குப் பங்கிருந்த பருத்தி ஆலையில் வேலை பார்த்தவர் என்பது நினைவிருக்கட்டும். டீன்ஸ்கேட் சாலையில் உள்ள ஜான் ரைலண்ட்ஸ் நூலகம் ஒரு பருத்தி வணிகரின் மனைவி என்ரிகெட்டா தம் கணவர் நினைவாகக் கட்டியது. 1900 சனவரி 1இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தேவாலயம் என்றே தோன்றும். யோவான் நற்செய்தியின் மிகப் பழைய பாப்பிரஸ் துண்டு ஒன்று இங்கே பாதுகாக்கப்படுகிறது. கட்டணம் இல்லை, ஆனால் எல்லா நாட்களும் திறந்திருக்காது. கால் வலித்தால் 1934இல் கட்டிய வட்ட வடிவ மத்திய நூலகத்துக்குள் போய் உட்காரலாம். கழிப்பறை, நாற்காலி, கதகதப்பு மூன்றும் கிடைக்கும் இடம் வெளியூர்க்காரருக்கு வேறு எளிதில் அமையாது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் அந்நாட்டின் எளிய உணவு. சீலா மீனும் பாறை மீனும் தின்று வளர்ந்த நாக்குக்குக் காட் மீன் சப்பென்று இருக்கும் என்றாலும் பசிக்கு நல்லது. வெள்ளிக்கிழமை விரதத்தில் இருந்த அக்காவுக்கு வறுவல் மட்டும் வாங்கிக் கொடுத்தோம். பாதி தின்ற பிறகுதான் கடைப் பலகையின் மூலையில் மாட்டுக் கொழுப்பில் பொரித்தது என்று எழுதியிருந்ததை மருமகன் பார்த்தான். வட இங்கிலாந்தில் இது பழைய வழக்கம். கடைக்காரர் மறைக்கவும் இல்லை, நாங்கள்தான் கேட்கவில்லை. சைவமானாலும் ஹலால் பார்ப்பவரானாலும் எந்த எண்ணெய் என்று வாங்குமுன் கேட்டுவிட வேண்டும். ரஷோம் பகுதியில் வில்ம்ஸ்லோ சாலை நெடுக ஹலால் உணவகங்கள் இருப்பதால் கீழக்கரை, தொண்டிக்காரர்களுக்குக் கவலை இல்லை.

தண்ணீருக்குப் பாட்டில் வாங்க வேண்டாம், குழாயில் பிடித்துக் குடிக்கலாம். அத்தண்ணீருக்கும் ஒரு கதை உண்டு. ஆலைகள் பெருகி ஆறுகள் சாக்கடையான பிறகு, ஏரி மாவட்டத்துத் தெர்ல்மியர் ஏரியிலிருந்து சுமார் 154 கிலோமீட்டர் கால்வாயும் குழாயுமாக அமைத்து 1894இல் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எங்கும் பம்பு கிடையாது, சரிவிலேயே ஓடி வருகிறது. தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கி, திருச்சியிலிருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்று பழகிய நமக்கு அந்த முதல் தம்ளர் தண்ணீர் சற்று வேறு மாதிரிதான் இறங்குகிறது.

மூன்றாம் நாள் முழுவதையும் குவாரி பேங்க் ஆலைக்குக் கொடுக்க வேண்டும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டையல் என்ற சிற்றூரில், சாமுவேல் கிரெக் 1784இல் ஆற்றங்கரையில் கட்டியது. இப்போது பழைய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு பராமரிக்கிறது. கட்டணம் உண்டு, வார இறுதியில் முன்பதிவு நல்லது. ரயிலில் வில்ம்ஸ்லோ வரை போய் டாக்ஸி பிடிப்பது எளிது. பெரிய இரும்பு நீர்ச்சக்கரம், நூற்பு இயந்திரம், தறிக்கூடம் எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டுகிறார்கள், அதற்கு நேரம் உண்டு என்பதால் நுழைந்ததும் கேட்டுக்கொள்ளவும். ஆலையிலிருந்து சற்றுத் தள்ளிப் பயிற்சிச் சிறுவர்கள் விடுதி இருக்கிறது. ஒன்பது வயதிலிருந்தே பிள்ளைகளைச் சேர்த்து, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கியிருக்கிறார்கள். சுழலும் இயந்திரத்துக்கு அடியில் ஊர்ந்து பஞ்சுத் தூசியைக் கூட்டியது சின்ன உடம்புக்காரர்கள். அக்கா அந்த விடுதியின் மரக்கட்டில்களைப் பார்த்த பிறகு மாடிக்கு வர மறுத்து வெளியே புல்லில் உட்கார்ந்துகொண்டார்.

தறிக்கூடத்தில் ஒரே ஒரு விசைத்தறியை ஓட்டினார்கள். அந்த ஒன்றின் சத்தத்திலேயே பக்கத்தில் நின்றவர் பேசுவது கேட்கவில்லை. நூற்றுக்கணக்கில் ஓடிய காலத்தில் தொழிலாளர்கள் உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொண்டார்கள் என்று வழிகாட்டும் அம்மையார் சொன்னார். நாடாவின் கண்ணில் நூலைக் கோக்க வாயை வைத்து உறிஞ்சுவார்களாம், அதனால் ஒருவர் நோய் மற்றவருக்குத் தொற்றும். தறி ஓடிக்கொண்டிருக்கும்போது அத்தான் என் தோளைத் தட்டி, "மாப்பிள்ளை, பாவு ஒண்ணு அறுந்துருச்சு, அச்சுக்கு அந்தப் பக்கம்" என்று காதருகே கத்தினார். நெடுக்கே ஓடும் பாவு இழைகளில் அறுந்தது எதுவென்று எனக்குத் தெரியவில்லை. சில நொடியில் அந்த அம்மையார் தறியை நிறுத்தி, அத்தான் சொன்ன இடத்திலேயே விரலை விட்டு இழையைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டார். அத்தானின் விரல்களும் காற்றில் அதே முடிச்சைப் போட்டன. மருமகன் மொழிபெயர்த்துச் சொன்னதும், அந்த அம்மையார் அத்தானைக் கயிற்றுக்கு உள்ளே அழைத்துத் துணியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தறி தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தால் கட்டாயம் அழைத்துப் போக வேண்டிய இடம் இதுதான்.

நான்காம் நாள் கப்பலுக்கு உரியது. லிவர்பூல் துறைமுகம் வாங்கிய கட்டணத்தை வெறுத்த மான்செஸ்டர் வணிகர்கள், கடலிலிருந்து உள்ளே தள்ளி இருந்த தங்கள் ஊருக்கே கப்பல் வரும்படி 58 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டி 1894இல் திறந்தார்கள். அதன் பழைய துறைகள் இருந்த சால்ஃபோர்டு கீஸ் இன்று கண்ணாடிக் கட்டடங்களும் ஏகாதிபத்தியப் போர் அருங்காட்சியகத்தின் வடக்குக் கிளையுமாக இருக்கிறது. டிராமில் போய் ஒரு சுற்று நடந்தால் போதும். எனக்கு அது மனத்தில் ஒட்டவில்லை.

அங்கிருந்து டிராஃபோர்டு சென்டர் வரை டிராமில் போய், நடந்தோ பேருந்திலோ பார்ட்டன் என்ற இடத்துக்கு வந்துவிட வேண்டும். சுற்றுலாக்காரர் கூட்டம் இல்லாத இடம். காசில்ஃபீல்டில் பார்த்தோமே, அந்தப் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் இங்கே கப்பல் கால்வாய்க்கு மேலாகக் குறுக்கே போகிறது. பிரிண்ட்லி கட்டிய கல் பாலம் கப்பலுக்குத் தடையாக இருக்கும் என்று அதை இடித்துவிட்டு, எட்வர்டு லீடர் வில்லியம்ஸ் இரும்புத் தொட்டி ஒன்றை அமைத்தார். கப்பல் வரும்போது தொட்டியின் இரு முனைகளிலும் கதவை அடைத்து, உள்ளே இருக்கும் சுமார் 800 டன் தண்ணீரோடு சேர்த்து 1,450 டன் எடையுள்ள அந்தக் கால்வாய்த் துண்டையே நடுத்தீவின் மேல் சுழற்றி ஒதுக்கிவிடுகிறார்கள். உலகத்தில் இப்படி ஒன்று இது மட்டும்தான். 1914இல் திறந்த நம் பழைய பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதியை ஆட்கள் கையால் சுற்றி இரண்டாகப் பிளந்து உயர்த்தியதையும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலேறுவதையும் பார்த்தவர்களுக்கு, வழி மறிப்பதைப் பக்கவாட்டில் சுழற்றி விலக்கும் இந்த மூன்றாவது முறை உடனே விளங்கிவிடும். ரயிலுக்குப் பதில் தண்ணீர், அதுவும் படகு மிதக்கும் தண்ணீர்.

இப்போது இவ்வளவு உள்ளே வரும் கப்பல்கள் குறைவு, ஆகவே சுழல்வதைப் பார்க்க வாய்ப்பது அரிது. அதற்கென்று காத்திருக்க வேண்டாம். பக்கத்திலேயே உள்ள சாலைப் பாலத்தின் நடைபாதையில் நின்றால் தொட்டியின் முழு நீளமும், தீவின் நடுவே செங்கல்லால் கட்டிய கட்டுப்பாட்டுக் கோபுரமும் தெரியும். நாங்கள் நின்றிருந்தபோது சிவப்பு வண்ணம் அடித்த ஒரு குறுகலான படகு, நாய் ஒன்று முன்னால் உட்கார்ந்திருக்க, எங்கள் தலை உயரத்துக்கு மேலே கப்பல் கால்வாயின் குறுக்காக மெல்ல ஊர்ந்து போயிற்று. சாலைப் பாலத்தில் லாரிகள் இடைவிடாது போகும் என்பதால் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளவும். படம் எடுப்பதானால் காலை வெளிச்சமே நல்லது.